பழைய ஃபில்டர்

"எங்கடா என் ஃபில்டரு?"

கழிவு ஆயில் டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் ஹயாத் பாஷா. சலவைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தாலும், ஒரு ஆணியைக்கூடக் காகிதத்தில் சுற்றித்தான் கையால் தொடுவார். அந்த மனிதரா இது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான் மெக்கானிக் சின்னக்கண்ணு.

"பாய், கைய வெளிய எடுங்க பாய். சட்ட போச்சி."

"சட்ட போனா வேற சட்ட. ஃபில்டரு போனா? எவன்டா உன்ன மாத்தச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் சின்னக்கண்ணுவுக்குப் பிடித்த சனி. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆயில் மாற்ற வந்த புல்லட்டில், யாரும் கேட்காமலே ஃபில்டரையும் மாற்றிவிட்டான். பாயின் அப்பா ஓட்டிய வண்டி அது. உள்ளே இருந்ததும் அவர் காலத்துக் கம்பளி ஃபில்டர். அழுக்கேறி அப்பளம் போல் விறைத்து, ஆயிலை மேலே ஏற விடாமல் அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, புது மாதிரி பேப்பர் ஃபில்டரும் அதற்குத் தோதான மூடியும் தேடிப் பிடித்துப் போட்டான். பாய் மனம் குளிர்ந்து ஒரு பிரியாணியாவது வாங்கித் தருவார் என்று நினைத்திருந்தான். இப்போது இருக்கிற கோபத்துக்கு, அந்தப் பிரியாணிக்குக் கறியே இவன்தான் போலிருந்தது.

"வண்டி சூடாவுதா பாய்?"

"ஆவல."

"ஆயில் ஒழுவுதா?"

"சொட்டு ஒழுவல."

"மல ஏறுதா?"

"வெள்ளிமல வரிக்கும் ஒரே மூச்சுல போவுதுடா, பாவி!"

"அப்பறம் இன்னாத்துக்கு பாய் திட்றீங்க?"

"அத்தா ஓட்ன வண்டிடா! ஒரு நட்டு மாத்தாம வச்சிருந்தேன். எனக்கு ஒரிஜினல்தான் வேணும்."

சின்னக்கண்ணுவுக்கும் சுருக்கென்று ஏறியது. நல்லது செய்து அடி வாங்குவது அவனுக்குப் புதிதில்லை என்றாலும், ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் வலிக்கிறது.

"வாராவாரம் சனிக்கெழம வந்து, 'நேத்தும் கச்சிராயபாளையத்துல அந்த உரக்கடை வாசல்ல நின்னுடுச்சிடா, அரை மணி நேரம் ஆற வுட்டுதான் கெளம்புனேன்'னு பொலம்புனது யாரு பாய்? நானா?"

"பொலம்புனேன். மாத்துன்னு சொன்னனா?"

சொல்லவில்லைதான். இருந்தாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

"முடியாது பாய். பழச மாட்டுனா ஒரு நாளு இன்ஜின் ஜாமாயி மேல போய்ச் சேருவீங்க. வெள்ளிமலைக்கு இல்ல, அதுக்கும் மேல. என் கையால மாட்ட மாட்டேன்."

"நீ மாட்டலன்னா இந்தக் கடைக்கு இனிமே ஒரு சைக்கிளு கூட வராது. பாத்துக்கினே இரு."

பாய் சொன்னால் செய்வார். இந்த வண்டி யாருக்கு என்ற தகராறில் கூடப்பிறந்த ஒரே தம்பி சுபைரையே தள்ளி வைத்தவர். "செத்தாலும் நானா அவனத் தேடிப் போவ மாட்டேன்" என்று பள்ளிவாசல் முன்னால் நாலு பேர் கேட்கச் சொன்னவர். சொன்ன சொல் மாறாதவர். தம்பியைவிட இரும்பு பெரிதாகப் போன மனிதரிடம் மெக்கானிக் எம்மாத்திரம்? கடை போனால் வேறு என்ன வேலை தெரியும் என்று யோசித்துப் பார்த்தான். திட்டு வாங்கத் தெரியும். அதற்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் ஒன்று எதிரே நின்றது. இறங்கி விறுவிறுவென்று வந்த ஆளைப் பார்த்ததும் சின்னக்கண்ணு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

சுபைர். சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போனவர், இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறார். அண்ணனின் அதே மூக்கு, அதே முன்கோபம்.

வந்த வேகத்தில் அண்ணனைப் பார்த்தவர், சட்டென்று முகத்தைத் திருப்பி புல்லட்டைப் பார்த்தார். ஹயாத் பாஷா டின்னை விட்டுத் தலை தூக்கவில்லை.

வண்டியில் பங்கு கேட்டு வந்திருக்கிறார், இன்றைக்கு நம் கடையில் கொலைதான் என்று முடிவு செய்த சின்னக்கண்ணு, சுத்தியலையும் பெரிய ஸ்பேனரையும் காலாலேயே பெஞ்சுக்கு அடியில் தள்ளினான்.

ஆனால் சுபைர் அண்ணன் பக்கமே போகவில்லை. நேரே வந்து சின்னக்கண்ணுவின் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"இன்னாடா பண்ண இந்த வண்டிய?"

"ஐயோ, நீங்களுமா? நல்லதுதாங்க பண்ணேன். பேப்பர் ஃபில்டரு போட்டேன். இனிமே வழியில எங்கயும் நிக்காதுங்க."

"அதான்டா கேக்கறேன். ரெண்டு வெள்ளிக்கெழமையா என் உரக்கடை வாசல்ல டீய ஊத்தி வச்சிக்கினு நிக்கிறேன், வண்டி பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது... மரியாதையா அந்தப் பழசையே மாட்டுடா!"