கறுத்த நிழல்

"எட்டாவதைத் தாண்டாதவ பல்பு செஞ்சா மின்மினிப்பூச்சிகூடச் சிரிக்கும்டி," என்றாள் மூத்த மருமகள்.

இளைய மருமகள் தன் பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு அறையில் பல்பு தயாரிப்பவர்கள். நூலகத்துக்கு முந்நூறு பல்பு வேண்டும். யாருடைய பல்பு அதிக வெளிச்சம் தருகிறதோ, அவருக்கே ஆர்டர்.

நூலகர் அம்மாள் இரண்டு பல்புகளையும் சம தூரத்தில் பொருத்தி, அடியில் பெயர்ச்சீட்டு வைத்தார். எதிரே ஒரு வெள்ளைத்தாள், அதற்கு முன்னால் நிற்கவைத்த பென்சில். தாளில் பென்சிலின் நிழல் இரண்டாக விழுந்தது. ஒன்று கறுப்பு, மற்றது வெளிறல்.

"நிழலை வச்சே சொல்லிடலாம். இருங்க, மூக்குக்கண்ணாடியை எடுத்துட்டு வரேன்," என்று உள்ளே போனார்.

மூத்தவள் தன் பல்பை ஒரு நொடி அணைத்துப் பார்த்தாள். கறுத்த நிழல்தான் மறைந்தது.

"அடக்கடவுளே, கரி மாதிரி இருக்கறது என்னோடதா!"

சட்டென்று பெயர்ச்சீட்டுகளை மாற்றி வைத்தாள். "மூச்சு விட்டே, தெரியும் சேதி!"

இளையவள் மூச்சு விடவில்லை.

நூலகர் வந்து குனிந்து பார்த்தார். "கறுத்த நிழல் யாரோடது?"

"இவளோடதுதாம்மா," என்று முந்திக்கொண்டாள் மூத்தவள்.

"அப்போ ஆர்டரும் இவங்களுக்குத்தான். இவங்க பல்போட நிழல்ல உங்க பல்பு வெளிச்சம் மட்டும்தான் விழும். அது மங்கலா இருக்கப்போய்த்தானே நிழல் இவ்வளவு கறுத்திருக்கு?"

திருடனைத் தேள் கொட்டியதுபோல் நின்றாள் மூத்தவள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இளையவள் மெதுவாகச் சொன்னாள்: "இந்த நிழல் பாடம் எட்டாவதுலேயே வந்துடுச்சுக்கா."