மூன்றாவது படி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி துளசிமணி. மகன் பூபதி. மருமகள் கௌசல்யா. அவளுடைய தகப்பனார், என் சம்பந்தி, நாச்சிமுத்து.

மேசைமேல் கைபேசி. அதில் காப்பீட்டு நிறுவனத்துப் பெண் ஒருத்தியின் குரல்.

வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் யாரும் அங்கு இல்லை.

பேசுவது பதிவாகிறது என்று அந்தப் பெண் முதலில் தெரிவித்தாள். பிறகு கேட்டாள்.

"சார், ஃபார்ம்ல ஸ்மோக்கிங் பழக்கம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. இப்ப அதை விடுறதுக்கான ட்ரீட்மென்ட் கேட்டிருக்கீங்க. இதுல எது சார் சரி?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை.

என் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

நாற்பத்தோரு ஆண்டுகளாக நான் மொட்டை மாடிக்குப் போகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கிறேன். மேலே வருகிறவர்கள் மூன்றாவது படியிலேயே இருமுவார்கள். துணி காயப்போட வரும் துளசிமணி இருமுவாள். பூபதி ஏழு வயதிலிருந்து இருமுகிறான். கௌசல்யா கல்யாணமாகி வந்த மறுவாரமே கற்றுக்கொண்டாள்.

யாருக்கும் நெஞ்சில் ஒன்றுமில்லை. நான் அணைப்பதற்கு அவகாசம் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

அதை மரியாதை என்றே வைத்திருந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பூபதியின் அலுவலகக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்த்தார்கள். படிவத்தை அவன்தான் நிரப்பினான். புகைபிடிப்பவரா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினான். தகப்பனைப் பற்றி மகன் வேறு எப்படி எழுதுவான்?

நான் கையெழுத்துப் போட்டேன்.

படித்துவிட்டுத்தான் போட்டேன்.

இந்தத் தை மாதம் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி ஒன்றுகூடக் கூடாது என்றார். பத்து நாள் முயன்றேன். முடியவில்லை. கௌசல்யா பாலிசிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தாள். அதில் ஒரு பக்கம் இருந்தது. பன்னிரண்டு வாரம். பேச ஓர் ஆலோசகர், வாயில் போட்டு மெல்ல ஒரு மருந்து, தோளில் ஒட்ட ஒரு பட்டை. முழுக்க அவர்கள் பொறுப்பு.

புகைபிடிப்பவருக்கு மட்டும்.

அழைப்பு வருமுன்பே நாச்சிமுத்து ஒரு வழி சொல்லியிருந்தார்.

"ஆறு மாசமாத்தான் பழக்கம்னு சொல்லிப்போடுங்க சம்பந்தி. ஃபார்ம் எழுதறப்ப இல்லை, இப்ப இருக்குது. ஒருத்தருக்கும் பொல்லாப்பு இல்லீங்க."

நல்ல வழிதான். உண்மையைச் சொன்னால் பூபதி தன் அலுவலகத்திலேயே பொய் எழுதிக் கொடுத்தவன் ஆவான். சிகிச்சையும் கிடைக்காமல் போகலாம். அது மட்டுமில்லை. பெண் கேட்கப் போன அன்று, எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு பழக்கமும் கிடையாது என்று இதே நாச்சிமுத்துவிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

அவரும் எங்கள் வீட்டு மாடி ஏறும்போது இருமுகிறவர்தான்.

நான் நில அளவையராக இருந்தவன். முப்பத்து நான்கு ஆண்டுகள். என் கையெழுத்தை நம்பி ஆட்கள் வேலி போட்டார்கள். வரப்பில் அரிவாளோடு நின்ற அண்ணன் தம்பிகள்கூட, வரைபடத்தின் அடியில் என் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"நாப்பத்தோரு வருசமாக் குடிக்கறனுங்க அம்மிணி. ஒரு நாளைக்குப் பதினாலு. ஃபார்ம்ல இருக்கறது தப்பு. எழுதுனது யாருன்னு கேக்க வேண்டீதில்லை. கையெழுத்து என்னோடது."

துளசிமணி எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு மறுபடியும் போட்டாள்.

பூபதி தரையைப் பார்த்தபடி இருந்தான். நாச்சிமுத்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் கைப்பட ஒரு திருத்தக் கடிதம் வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள் என்றாள் அந்தப் பெண். அன்றே எழுதினேன். அனுப்புமுன் படித்துப் பார்க்கிறேன் என்று பூபதி கையை நீட்டினான். கொடுக்கவில்லை. அதில் அவன் பெயர் இல்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நுரையீரலுக்கான மற்றச் செலவுகளுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். பழக்கத்தை விடும் சிகிச்சையை உடனே தொடங்கலாம்.

நியாயம்தான். ஒப்புக்கொண்டேன்.

இது ஒன்பதாவது வாரம். வெள்ளிக்கிழமைதோறும் ஆலோசகர் பேசுகிறார். பூபதியைவிட வயதில் சின்னவர். இன்றைக்கு எத்தனை என்று கேட்பார். சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். படியில் இருமல் கேட்கவில்லை.

திரும்பினால் பூபதி பக்கத்தில் நிற்கிறான்.

என் விரலிடுக்கில் அது புகைந்துகொண்டிருந்தது. அணைக்க நேரமில்லை. அணைக்கவும் இல்லை.

அவன் தொட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு, எதிர்வீட்டுத் தென்னையைப் பார்த்தபடி கேட்டான்.

"இன்னைக்கு எத்தனைங்கப்பா?"

சொன்னேன்.

சரிங்கப்பா என்றான். கீழே போகவில்லை. அது முடியும்வரை நின்றான்.

சொந்தத்துக்குள் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. ஒரு சீர் வீட்டு விசேஷத்தில் நாச்சிமுத்து தொடங்கி வைத்தது. ஒரே நாளில் விட்டெறிந்தவர் எங்கள் சம்பந்தி, திரும்பித் தொடவில்லை, அந்த வீட்டு ரத்தம் அப்படி என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் என்னை வந்து பாராட்டுகிறார்கள்.

அது தவறு.

ஒரு நாளைக்கு இரண்டு குடிக்கிறேன்.