பதினோரு வருஷத்துப் பதிவு

“ஆளைப் பத்தி விசாரின்னு சொன்னா, அவர் எழுதின சாஃப்ட்வேரை உட்கார்ந்து விசாரிச்சிட்டு இருக்கியே! உனக்கென்ன கழண்டு போச்சா?”

அண்ணன் இரைந்து கேட்டும் தங்கை மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆளை விசாரிச்சா நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவாங்க. இது பொய் சொல்லாது.”

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கம்பி வடத்தைத் தன் கையால் தடவிப் பார்க்காமல் எந்தக் கட்டடத்துக்கும் கையெழுத்துப் போடமாட்டான். அவளுக்கோ வேலையே, வெளியாட்கள் எழுதிய மென்பொருளைத் தன் அலுவலகம் பயன்படுத்துமுன், அது பாதுகாப்பானதா, தரமானதா என்று சலித்துப் பார்ப்பதுதான்.

வீட்டுக்கு வந்திருக்கும் கல்யாணப் பேச்சுக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் குறுக்கே வரமாட்டேன்” என்று அம்மா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்.

“அப்பா இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தான்.

“அப்பா இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. இப்படி வந்து உட்காரு.”

வேண்டாவெறுப்பாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“இது ஓப்பன் சோர்ஸ். எந்தப் புத்தகம் யார்கிட்ட இருக்குன்னு சின்னச் சின்ன நூலகங்கள் பாத்துக்கிறதுக்காக அவர் எழுதினது. யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம், உள்ளே திறந்தும் பாக்கலாம். யார் என்ன குறை சொன்னாங்க, அவர் என்ன பதில் சொன்னார், எல்லாம் தேதி போட்டு அப்படியே கிடக்கு. பதினோரு வருஷம்!”

“நல்லவர் மாதிரி நடிக்கிறது பெரிய விஷயமா?”

“பதினோரு வருஷமாவா? இதைப் படி.”

யாரோ ஒருவன், ‘இதை எழுதியவனுக்கு மூளை இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தான். கீழே அவருடைய பதில்: ‘உங்கள் அரை நாளை வீணாக்கிவிட்டேன், மன்னியுங்கள். எந்த இடத்தில் நின்றுபோனது என்று சொன்னால் இன்றே சரிசெய்கிறேன்.’

“நானா இருந்தா வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பேன்” என்றான் அண்ணன்.

“போன வாரம் நானே இதுல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சேன்ணா.”

நிமிர்ந்து உட்கார்ந்தான். “என்ன ஓட்டை?”

“தேடற கட்டத்துல புத்தகப் பேருக்குப் பதிலா வேற ஒரு மாதிரி எழுத்துகளைத் தட்டினேன். உறுப்பினர்களோட வீட்டு முகவரியெல்லாம் பொலபொலன்னு வெளியே கொட்டுச்சு.”

“பாத்தியா! இதுக்குத்தான் நான் அடிச்சுக்கிட்டேன். வேணாம்னு சொல்லிடுவோம்.”

“அவசரப்படாதே. ஓட்டையே இல்லாத சாஃப்ட்வேரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. காட்டினதும் என்ன பண்றாங்கங்கிறதுதான் பேச்சு. நான் யாருன்னு காட்டிக்காம, புனைபேர்ல அவருக்கு மட்டும் எழுதினேன். மூணு மணி நேரத்துல பதில் வந்துச்சு. ‘இது முழுக்க என் தவறு’ன்னு. ரெண்டே நாள்ல அடைச்சிட்டார். மூடி மறைக்கல. எல்லா நூலகத்துக்கும் நடந்ததைச் சொல்லி, என்ன செய்யணும்னும் எழுதினார். அதே தப்பு திரும்ப நுழைஞ்சா காட்டிக்கொடுக்க ஒரு சோதனையையும் உள்ளே சேர்த்துட்டார்.”

அண்ணன் மோவாயைத் தடவினான். தவறைத் தன் வாயால் ஒப்புக்கொண்ட மேலதிகாரி ஒருவரைக்கூட அவன் கண்டதில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, திரையை மேலும் கீழும் நகர்த்தினான். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இதென்ன, நாலு வருஷத்துக்கு முன்னாடி மூணு மாசம் ஒண்ணையுமே காணோம்? ஆள் எங்க ஓடிப்போனார்?”

தங்கை அதற்கு முந்தைய பதிவைத் திறந்து காட்டினாள்.

‘என் மனைவிக்கு இனி அதிக நாள் இல்லை என்கிறார்கள். நான் அவளோடு இருக்க வேண்டும். அவசரம் என்றால் கீழே உள்ள நண்பரைக் கேளுங்கள். எல்லாம் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகமாட்டேன்.’

அண்ணன் அதை இரண்டு முறை படித்தான்.

“கடைசியா உன் அறிக்கையில என்னதான் எழுதியிருக்கே?”

“குறைன்னா ஒண்ணே ஒண்ணுதான். எல்லாத்தையும் தன்னந்தனியா இழுத்துப் போட்டுச் செய்யறார். பக்கத்துல ஒருத்தர் வேணும்.”

“அது இனிமே சரியாயிடும்” என்று எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் தட்டினான்.

அம்மா வெளியே வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்களுக்குச் சம்மதம்மா.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. அண்ணன் அதைத் தன் புறங்கையால் துடைத்துவிட்டான்.

“நீ வேலை பாக்கற நூலகத்துல சாஃப்ட்வேர் சரியில்லன்னு முதல்ல அவருக்குப் போன் போட்டது நீதானே? இதையும் நீயே போன் போட்டுச் சொல்லு. கல்யாணப் பொண்ணு நீ இப்படி அழுதிட்டே பேசினா, பிள்ளைங்க நாங்க கட்டாயப்படுத்தினோம்னு அவர் நினைச்சுக்கப்போறார்ம்மா!”