மான் தலைக்கு மஞ்சள்

"மஞ்சளோ போட்டனீர்? ஐயோ நிலாணி, மஞ்சளோ?"

வினோதன் கராஜ் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

"இறைச்சி அவியுது. மஞ்சள் போடாமல் சீனியே போடுறது?" நிலாணி அகப்பையும் கையுமாக வந்தாள். "பாத்துக்கொள் எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் வேலைக்குப் போட்டியள். நாத்தம் வீட்டுக்குள்ளை வந்திட்டுது. கை தன்ர பாட்டிலை ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டிட்டுது. கொஞ்சம் உப்பும் போட்டனான்."

மீன் பொரித்தால் மணம் குளிர் ஜாக்கெட்டுகளில் ஏறிவிடும் என்று கராஜ் வாசலில் வைத்திருந்த காஸ் அடுப்பில், பிறந்தநாளுக்குப் பிரியாணி போடும் பெரிய பானையில், ஒரு மானின் தலை கிடந்தது. பிளாஸ்டிக் சுற்றிய கொம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மண்டையோடு மட்டும் நலங்கு வைத்த மாப்பிள்ளைபோல் மஞ்சளாக இளித்தது.

தலைக்குச் சொந்தக்காரன் மாக்கஸ். வினோதன் வேலை செய்யும் வெயர்ஹவுசின் சூப்பர்வைசர். ஒவ்வொரு நவம்பரும் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு வடக்கே வேட்டைக்குப் போவான். திரும்பி வந்து லஞ்ச் ரூமில் அவன் விடும் கதைகளைக் கேட்டால், ஒன்ராறியோக் காட்டில் இனி அணில்கூட மிஞ்சாது என்று தோன்றும். ஆனால் தலையென்று ஒன்றை அவன் கொண்டுவந்தது இந்த வருடம்தான்.

"மண்டையோட்டைச் சுத்தம் செய்து பலகையில் மாட்டித் தர, கடையில் முந்நூற்றைம்பது டாலர் கேட்கிறார்கள். வண்டுகளை விட்டுச் சதையைத் தின்ன வைப்பார்களாம். அதற்கு எட்டு மாதம்" என்று மாக்கஸ் அலுத்துக்கொண்டபோது, வினோதனின் வாய் சும்மா கிடக்கவில்லை.

"வண்டுக்கு ஏன் காசு? எங்கள் வீட்டில் ஆட்டுத்தலை சமைக்காத மாதமே இல்லை. நான் செய்து தருகிறேன். பால்போல வெள்ளையாக வரும்."

"அவ்வளவு வெள்ளையாகவா?" என்று மாக்கஸ் முகத்தைச் சுருக்கினான்.

நம்பவில்லையாக்கும் என்று நினைத்து, "அதைவிட வெள்ளை!" என்று வினோதன் அடித்துச் சொல்லிவிட்டான்.

காரணம் இருந்தது. ஏஜென்சி மூலம் வந்த வேலை, இன்றைக்குப் போ என்றால் போகவேண்டியதுதான். நிரந்தரமாக்க மாக்கஸ் ஒரு பெயரை மேலே கொடுக்கப்போகிறான். அது தன் பெயராக இருக்கவேண்டும் என்று வினோதன் வேண்டாத கோயிலில்லை.

அதற்காகத்தான் இந்தப் பாடு. தோலை உரித்தான். கண்ணையும் நாக்கையும் தோண்டினான். மூளையை ஹோஸ்பைப்பால் பீய்ச்சி அடித்தபோது பாதி வெளியே வந்தது, மீதி அவன் மூக்குக்கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. நன்றாகக் கொதிக்கவும் விடக்கூடாது, எலும்பு வெடித்துவிடும். இவ்வளவும் பார்த்துச் செய்தவனை ரெண்டு கரண்டி மஞ்சள் கவிழ்த்துவிட்டது.

"இப்ப நான் அவன்ர முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"எங்கடை சமயத்திலை மானை மஞ்சள் பூசித்தான் வழியனுப்புறது எண்டு சொல்லுங்கோ. நம்புவான்" என்றாள் நிலாணி. "அதுசரி, உரிக்கேக்கை பாத்தனீங்களே? உந்த மானுக்கு ஆரோ காது குத்தி விட்டிருக்கினம்."

"அது சூடு பட்ட ஓட்டையப்பா."

"காதிலை சுட்டால் மான் சாகுமே?"

"மாக்கஸ் சுட்டால் வாலிலை பட்டாலும் சாகும். நீர் சும்மா இரும்!"

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் ஊறவைத்தான். சலூனில் தலைமயிர் வெளுக்கும் கிரீமை வாங்கிவந்து அப்பினான். இரண்டு நாள் பொலித்தீன் சுற்றி வைத்தான். மஞ்சள் கொஞ்சம் இறங்கிப் பழுப்பில் வந்து நின்றது. அதற்குமேல் அசைய மாட்டேன் என்றது.

சனிக்கிழமை மாக்கஸின் ட்ரக் வாசலில் வந்து நின்றபோது வினோதன் மண்டையோட்டைச் சட்டை நுனியால் கடைசியாக ஒருதரம் துடைத்துப் பார்த்தான். நிலாணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சிரிப்பை அடக்கமுடியவில்லை என்றாலும், வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

மாக்கஸ் கராஜுக்குள் வந்து மண்டையோட்டைக் கையில் வாங்கினான். திருப்பினான். நகத்தால் சுரண்டினான்.

"மாக்கஸ், மன்னித்துக்கொள். என் மனைவி தெரியாமல் மஞ்சள்..." என்று இழுத்தான் வினோதன். "கடையில் கொடுத்து வெளுத்துத் தருகிறேன். செலவு என்னுடையது."

மாக்கஸ் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு கராஜ் கதவை இழுத்து மூடினான். அடி விழப்போகிறது என்றே வினோதன் நினைத்தான்.

"வெளுப்பதா? கைவைத்தால் கொன்றுவிடுவேன்!" என்றான் மாக்கஸ் குரலைத் தாழ்த்தி. "பத்து வருடம் சுவரில் தொங்கியதுபோல் இருக்கிறது. பால் வெள்ளை என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கிறிஸ்மஸுக்கு மாமனார் வருகிறார். இத்தனை வருடம் சுட்ட மான்களின் தலை எங்கே என்று கேட்கிறார்."

"அப்படியென்றால்... மற்றத் தலைகள்?" என்றான் வினோதன்.

"ட்ரக்கில் இருக்கின்றன. இதை வாங்கிய அதே மான் பண்ணையில்தான் இன்னும் நாலு வாங்கினேன்" என்ற மாக்கஸ் அவன் தோளில் கைபோட்டான். "திங்கட்கிழமை உன் பெயரை மேலே கொடுக்கிறேன். வேட்டை என்று சொல்லிவிட்டு நான் நயாகரா ஹோட்டலில் படுத்துத் தூங்கிய ஒவ்வொரு நவம்பருக்கும் ஒவ்வொரு தலை வேண்டும். வருடம் பழசாகப் பழசாக, மஞ்சளைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல் உன் மனைவியிடம்!"