கூடுதலாக இருபத்திநாலு பேர்

"நான் எண்ணினது நூற்றி எண்பத்தி மூணு. நீங்க எழுதியிருக்கிறது இருநூற்றி ஏழு. மிச்சம் இருபத்திநாலு பேரும் எங்க காக்கா?"

ஸிராஜ் இதை மெல்லிய குரலில் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து வெளியே போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் பாதி நின்று திரும்பிப் பார்த்தது.

வாசல் மேசையில் இருந்த ஜெமீல் காக்கா படிவத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எண்ணித்தான் எழுதின தம்பி."

ஸிராஜ் உள்ளரங்கக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். ஆட்டம் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. தன் சொந்த ஊரான சாய்ந்தமருதுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்பதில் மனிதர் படு கண்டிப்பு. நேர்மையானவர்தான். அந்த நேர்மை நாலு பேருக்குக் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் ஆசை.

சங்கத்தின் விதி சுருக்கமானது. ஓர் ஊரில் நடக்கும் மூன்று ஆட்டங்களுக்கும் இருநூறு பேருக்குக் குறையாமல் வந்தால் இறுதியாட்டம் அந்த ஊரில். ஒன்றில் குறைந்தாலும் அது அக்கரைப்பற்றுக்குப் போய்விடும். முதல் இரண்டிலும் சாய்ந்தமருது மயிரிழையில் தப்பியிருந்தது. இன்று மூன்றாவது.

ஜெமீல் காக்கா ஒன்பது வருடமாக வாசலில் தலை எண்ணுகிறவர். இறைவனைத் துதித்துத் திக்ரு ஓதும்போது எண்ணிக்கை பிடிக்க விரலில் மாட்டுவார்களே, அந்தச் சின்ன மெசின்தான் அவருடைய கருவி. ஒரு தலைக்கு ஒரு அமுக்கு.

இன்று பின்னேரம் அஸர் தொழுத கையோடு வந்து, ஸிராஜும் அவர் பக்கத்திலேயே நின்று எண்ணினார். இடைவேளை வரைக்கும் இருவர் கணக்கும் ஒன்றுதான். இடைவேளையில் ஜெமீல் காக்கா பின்பக்கமாக வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் தனியாகத் திரும்பி வந்தார். வந்து நின்று, உள்ளே ஒரு ஈ கூட நுழையாதபோதே மெசினை விடாமல் அமுக்கினார். ஸிராஜ் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"திக்ரு எண்ணுற சாமானால பொய்க் கணக்கா காக்கா?"

"பொய் இல்ல."

"அப்ப அந்த ஆக்களக் காட்டுங்க."

"காட்ட ஏலா."

"சரி, பேரச் சொல்லுங்க. ஒரு பேர் போதும்."

ஜெமீல் காக்கா அப்போதுதான் நிமிர்ந்தார். சொல்ல வாயெடுத்தவர், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

"படிவத்தில என்ன கேட்டிருக்கி தம்பி? ஆட்டம் பார்த்த ஆக்கள்ட தொகைதானே. அவங்க பார்த்தாங்க, நான் எழுதின. அதுக்கு மேல என்னட்டக் கேக்காதீங்க."

"சொல்லாட்டி இந்தக் கணக்க வெட்டுவன்."

"வெட்டுங்க."

ஊர் அணியின் தலைவன் வியர்வை காயாமல் ஓடி வந்தான். "சொல்லுங்களேன் காக்கா. பைனல் கைய விட்டுப் போகுது." நாலு மாதமாக, சொந்தச் சனத்துக்கு முன்னால் ஒரு பைனல் ஆட வேண்டும் என்று கிடந்தவன். ஜெமீல் காக்கா அவன் தோளைத் தட்டினார். பேர் மட்டும் சொல்லவில்லை.

ஸிராஜ் சிவப்புப் பேனாவால் 207ஐ வெட்டி 183 என்று எழுதினார். கையெழுத்து வைத்து, படம் எடுத்து, அந்த இடத்திலேயே சங்கத்துக்கு அனுப்பினார். "இனி வாசலுக்கு வேற ஆளப் போடுங்க" என்றும் ஊர்க் கழகத்தாரிடம் சொன்னார். ஜெமீல் காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தியில் மஃரிபு தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஸிராஜுக்கு மனம் லேசாக இருந்தது. மனைவி ஸம்றா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன் பங்கைக் கொஞ்சம் விரித்தே சொன்னார்.

"அப்ப பைனல் இஞ்ச இல்லயா?" என்றாள் ஸம்றா.

"இல்ல. ஒம்பது வருஷமா ஊரே நம்பின மனிசன், பாரு. இத்தின தரம் கேட்டும் வாயே திறக்கல்ல."

ஸம்றா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மெட்ச் நடக்கிற ஹோலுக்குப் பின்னால ஆயிஷா உம்மாட வீட்டு மேல்மாடி கட்டி முடியாமக் கிடக்குத்தானே. அங்க இருந்தா, கூரைக்குக் கீழ அடிச்சிரிக்கிற கம்பி வலையால உள்ளுக்கு முழுக்கத் தெரியும். ஊர்ப் பொம்புளயள் அங்க இருந்துதான் மெட்ச் பார்க்கிற. இடைவேளைக்கு ஜெமீல் காக்கா வந்து படியடியில நிண்டு, இண்டைக்கு எத்தின பேர் எண்டு கேப்பாரு. மேல ஏறவே மாட்டாரு, ஒராள் இறங்கி வந்து தொகையச் சொல்ற. இண்டைக்கு இருபத்திநாலு."

ஸிராஜுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"அத அந்த மனிசன் என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"பொம்புளயளுக்கும் ஹோலுக்குள்ள ஒரு பக்கம் ஒதுக்குங்க எண்டு போன வருஷக் கூட்டத்தில கேட்டது அவர். நல்ல குடும்பத்துப் பொம்புளயள் பந்து பார்க்க வரமாட்டாங்க எண்டு மைக்கப் புடிச்சுச் சொன்னது நீங்க."

ஸம்றா வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அவ்வளவு சனத்துக்கு முன்னால, அந்த இருபத்திநாலு பேர்ல ஒங்கட பொஞ்சாதியும் ஒராள் எண்டு அந்த மனிசன் எப்படிச் சொல்லுவாரு?"