திரையோரம் அறுந்த வரிகள்

ஆஸ்பத்திரியின் கணினி அறையில் பிற்பகல் வெயில் திரைமேல் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. ஆஸ்பத்திரிக் கணினிகளுக்கெல்லாம் தலைமையான சர்வரைப் பார்த்துக்கொள்ளும், நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாத ‘சர்வர் அக்கா’ கன்னத்தில் கையூன்றிப் பார்க்கிறாள். சர்வரைத் திணறடிக்கும் இரண்டு வேலைகளின் பெயர் வரிகளும் ஒரேபோலத் தொடங்கி, திரையோரத்தில் அறுந்து நிற்கின்றன. “ஏதாவது ஒண்ண நிறுத்தித் தொலைங்கக்கா. ரத்த ரிசல்ட் வரலைன்னு டாக்டர் கத்துறாரு,” என்கிறாள் வாசலில் நிற்கும் நர்ஸ். “தப்பானத நிறுத்திட்டா இன்னைக்கு ரிசல்ட் எல்லாமே அழிஞ்சிடும். அத்தனை பேரையும் மறுபடி ஊசியால குத்துவியா?” கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, அகலத்தைக் கூட்டும் கட்டளையை அக்கா தட்டுகிறாள். வரிகள் அடுத்த வரிக்கு மடங்கி முழுதாகத் தெரிகின்றன. ஒன்றின் வாலில் போன மாதத்துக் கோப்புகளின் நகலெடுப்பு. மற்றதன் வாலில் இன்றைய ரத்தப் பரிசோதனை. நகலெடுப்பை நிறுத்துகிறாள். அடுத்த அறையில் பிரிண்டர் இரைகிறது. நர்ஸ் ஓடிப்போய், “வந்துருச்சுக்கா!” என்று அங்கிருந்தே கத்துகிறாள். அக்கா அதற்குள் மேசைமேல் தலைசாய்த்துத் தூங்குகிறாள்.