அந்தி மாத்திரை

அந்தி மயங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்தது. அதற்குள் அண்ணன், சாப்பாட்டு மேசையிலேயே தலை சாய்த்து உறங்கிவிட்டிருந்தான். ஊரிலிருந்து வந்திறங்கிய தங்கையின் ஐயம் உறுதிப்பட்டது.

"அண்ணி, இவனுக்கு தினமும் ஏதோ மாத்திரை கொடுக்கறீங்களாமே? அப்பா போன்ல சொன்னார்."

"ஆமா, நான்தான் கொடுக்கறேன். மெலடோனின். தூக்கம் வர்றதுக்கு."

"கூசாம சொல்றீங்களே. இவன் பிறவித் தூங்குமூஞ்சியாச்சே, இவனுக்கு எதுக்கு?"

"டாக்டர் எழுதினது மாமாவுக்கு. கல்லீரல் கெட்டதுலேர்ந்து அவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல. வழக்கமான தூக்க மாத்திரை ஆகாதுன்னு டாக்டர் சொன்னதும், எதைக் கொடுத்தாலும் சந்தேகம். 'இது வேற, டாக்டரே எழுதினது'ன்னாலும் நம்பலை. 'மொதல்ல என் பையன் முழுங்கட்டும், அப்புறம் நான்'னுட்டார்."

தங்கை அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

உள்ளறையிலிருந்து ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளரான தந்தை வந்தார். மகனின் இமையை விரலால் உயர்த்தி நோக்கினார்.

"பாத்தியாம்மா, நான் சந்தேகப்பட்டது சரிதான். இது தூக்க மாத்திரையேதான்."

சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி மாத்திரைகளை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"நல்லவேளை, நான் ஒண்ணுகூட முழுங்கலை."